ஓரத்திலிருந்து ஆறுகிற புண்

பங்குனி 5, திங்கள்

முருகனுக்குச் செவ்வரளி. பால் ஒன்றரை லிட்டர், அதில் அரை லிட்டர் தயிருக்கு உறை ஊற்றியது. வெந்தயம் தீர்ந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அவர் கொப்பரைக் களத்திலிருந்து வந்தார். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியிலிருந்து அவர் நாற்காலி வரைக்கும் சிவப்பாகத் தடம், ஆலத்தித் தண்ணீரை மிதித்துவிட்டு வந்ததுபோல. வலது கால் மட்டும்.

அவரிடம் நான் கேட்க முடியாது. பூஜை அலமாரி முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன்.

"முருகா, தரையெல்லாம் ரத்தமா இருக்குது. இது யாரு கால்லருந்து வந்துதுன்னு நீதான் பார்த்துச் சொல்லோணும்."

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறகு பூனையைப் பார்த்துச் சொன்னார்: "தொட்டிச் சில்லு ஏறியிருக்குமாட்ட இருக்குது. வலியே இல்ல. ஒண்ணுமில்லைன்னு சொல்லு."

எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான். நான் முருகனிடம் சொல்வேன், அவர் பூனையிடம் சொல்வார். மகள் தாரணி கல்யாணமாகி ஓசூர் போகும்வரை அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வேலை சாமிக்கும் பூனைக்கும் வந்திருக்கிறது.

களத்தில் செருப்புப் போடக் கூடாது, தின்கிற பண்டம் காய்கிற இடம். சூடேறிய சிமெண்டில் பகலெல்லாம் வெறுங்காலோடு நடப்பார். தேங்காய்ச் சிரட்டைச் சில்லைப் பிடுங்கிக் கீழே வைத்தார். கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. காலையிலிருந்தே உள்ளே இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் வெளுத்துப் போயிருந்தது.

பங்குனி 6, செவ்வாய்

காங்கேயத்தில் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பையன், எங்கள் தாரணி வயதுதான் இருக்கும்.

"எப்போலருந்து கால் மரத்துப்போன மாதிரி இருக்குது, ஏதாச்சும் சொன்னாருங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்களே அவரைக் கேளுங்க தம்பி."

அவரைக் கேட்டார். இவர் சொன்னார். "ராத்திரி கால் எரியுதுன்னு சொல்வாருங்களா?" என்று மறுபடி என்னிடம் திரும்பினார்.

"அதையும் நீங்களே கேட்டுருங்க."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் டாக்டருங்களா, போஸ்ட்மேனுங்களா?" என்றார். நர்ஸ் ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவருக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. நான் பார்த்தேன்.

பிறகு ஒரு சோதனை. கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் காலைத் தொட்டார். தொட்டால் "ம்" சொல்ல வேண்டும். முழங்காலில் "ம்" சொன்னார். கணுக்காலுக்கு மேலே "ம்". பாதத்தில் சத்தமே இல்லை. டாக்டர் இழை வளைகிற வரைக்கும் அழுத்தினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, இனிமேல்தான் தொடப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த முகம் சாயங்காலம் வரைக்கும் கண்ணிலேயே நின்றது.

சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறதாம். வலி இல்லாததுதான் நோயாம். சீழ் எலும்பைத் தொட்டுவிட்டால் பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். காலைக் கீழே ஊன்றக் கூடாது. தினமும் கட்டு மாற்ற வேண்டும்.

"யாருங்க மாத்துவீங்க?" என்று ஜெசிந்தா கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல.

பங்குனி 8, வியாழன்

காஸ் துணி இரண்டு கட்டு, உப்புத் தண்ணீர் பாட்டில் மூன்று, கையுறை ஒரு பெட்டி.

நேற்றுக் கட்டு மாற்றும்போது புண்ணுக்குள் திருநீறும் மஞ்சளும் வைத்திருந்தேன். இன்று ஜெசிந்தா வந்து பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார்.

"என்னுங்கம்மா இது?"

"பழனி விபூதிங்."

"முருகன் கட்டுக்கு மேல காவலுக்கு நிக்கட்டும். உள்ள போனா அவரையும் சேத்துத்தான் கழுவோணும்."

சிலுவை போட்ட கழுத்து, ஆனால் முருகன் பெயரை மரியாதையாகத்தான் சொன்னார். இனிமேல் கட்டின் மேல்தான் பட்டை.

பங்குனி 11, ஞாயிறு

தாரணியின் பழைய உயிரியல் புத்தகங்களையும், நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒன்றையும் வைத்துக்கொண்டு மத்தியானமெல்லாம் படித்தேன். எட்டாவதோடு நிறுத்தினவளுக்கு ஒரு பக்கத்துக்கு அரைமணி ஆகிறது. புரிந்ததை எழுதி வைக்கிறேன்.

தோல் கிழிந்ததும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற தட்டணுக்கள் முதலில் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினதும் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. வாய் கிடையாது, ஏதோ சத்து ஒன்றைக் கசியவிடுகின்றன, அதுதான் கூப்பாடு. தாளிக்கிற வாசம் வந்ததும் பசித்தவன் சமையல் வீட்டைத் தேடி வருகிற மாதிரி வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. கிருமியைத் தின்று, தின்ற இடத்திலேயே செத்தும் போகின்றன. சீழ் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பாதி இவைதான். எனக்கு மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. அப்புறம் நார் நெய்கிற செல்கள் வருகின்றன. சின்ன ரத்தக் குழாய்கள் துளிர்க்கின்றன. கடைசியாகத் தோல்.

இத்தனைக்கும் நடுவில் நின்று ஏவுகிறவர் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பது சொல்வதைக் கேட்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

ஏவுகிறவர் இல்லை என்று புத்தகம் சொல்கிறது. அதை நான் புத்தகத்திடம் வாதாடப் போவதில்லை.

பங்குனி 13, செவ்வாய்

வெறும் வயிற்றில் சர்க்கரை 210. பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, அவருடைய பழைய வேட்டி மேல்.

பங்குனி 14, புதன்

பாப்பாத்திக்குத் திதி. காக்காய்க்குச் சோறு வைத்தேன். அவளுக்குப் பிடித்த பச்சைப்பயிறு கடைந்தேன்.

என் தங்கை உடுமலையில் இறந்து நாலு வருஷம் ஆகிறது. சேதி காலையிலேயே இவருக்குப் போனில் வந்துவிட்டது. அன்றைக்கு மேகம் கட்டிக்கொண்டு நின்றது, களம் நிறையக் கொப்பரை. இவர் பொழுது இறங்கித்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த அன்று, முருகன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, அவர் கேட்கும்படியே சத்தியம் செய்தேன். "இனி இந்த மனுசனோட ஒரு வார்த்தை பேசுனா என் நாக்கு அழுகிப்போகட்டும்."

அவரும் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அவர் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை. கோபம் என்றுதான் இருந்துவிட்டேன். அதற்கு முன்னாலெல்லாம் வீட்டுக்குள் நுழைகிறபோதே "அம்மிணி" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்.

எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை. திதியன்று மனசு இப்படித்தான் ஓடும்.

இன்று ஜெசிந்தா வெளுத்த சதையைக் கத்தரித்து எடுத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பங்குனி 16, வெள்ளி

உத்திரம். இந்த வருஷம் மலைக்குப் போகவில்லை. படிக்குப் படி சூடம் ஏற்றுகிற நேரத்தில் இங்கே கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். புண்ணின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் பொடிப் பொடியாக வந்திருக்கிறது. அதுதான் துளிர்க்கிற ரத்தக் குழாய்.

மலையேறியிருந்தாலும் இதைத்தானே கேட்டிருப்பேன்.

பங்குனி 22, வியாழன்

புத்தகத்தில் இன்னொரு பாடம். ஒரு செல் பக்கத்தில் உள்ளது சொல்வதைக் கேட்காமல், நிறுத்து என்றாலும் நிறுத்தாமல், தன் பிடிவாதத்திலேயே இருந்துவிடுவது உண்டாம். சாகவேண்டிய காலத்திலும் சாகாதாம். அதுதான் கட்டியாகிறது.

இந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு வடகம் பிழிந்தேன். இரண்டு முறம்.

பங்குனி 27, செவ்வாய்

மத்தியானம் கோடை மழை. வடகத்தை அள்ளி உள்ளே வைத்தேன். அவர் கட்டிலில் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தார். களத்தில் ஆட்கள் கொப்பரையை வாரியிருப்பார்களா என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணினேன்.

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் கேட்டது. பூனை குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கட்டிலடியில் கிடந்தது.

"இன்னைக்காட்டத்தான் அன்னைக்கும் மேகம். எல்லாரும் நான் கொப்பரை வாருறதுக்கு நின்னேன்னு நெனச்சாங்க. கொப்பரையாவது மண்ணாவது. ஆளுக வாரிப்போட்டுப் போயிட்டாங்க. நான் அங்கயே உக்காந்திருந்தேன். ஊட்டுக்கு வர்றதுக்கு எந்திரிப்பேன், மறுபடி உக்காந்துக்குவேன். பாப்பாத்தி போயிட்டான்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வர்ல. பொழுது போயிருச்சு."

என் கை தன்பாட்டுக்குத் துருவிக்கொண்டிருந்தது. பூனை ஒன்றும் சொல்லவில்லை. அதனிடம் இருக்கிற நல்ல குணம் அது.

"அதயாச்சும் சொல்லலாம்னா, நாம பேசுனா அவளும் பதில் பேசிப்போடுவா. மனசு தாங்காது அவளுக்கு. அப்பறம் சாமி குத்தமாயிரும். அதுக்கு நாம வாயை மூடீட்டு இருக்கறதே தேவல."

தேங்காய்த் துருவலில் என் விரல் ரத்தம் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு மூடியை எடுத்தேன். விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு வந்து சேரட்டும் என்று.

நாலு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே.

சித்திரை 1, சனி

வேப்பம்பூப் பச்சடி, பருப்பு, ஒரே ஒரு பலாச்சுளை அவருக்கு, அதுவும் ஜெசிந்தாவிடம் போனில் கேட்டுக்கொண்டு. தாரணி கூப்பிட்டாள். "அம்மா, வருசப் பொறப்பு அதுவுமா அப்பாகூட ரெண்டு வார்த்தை பேசித் தொலையேன்" என்றாள். அவளுக்குச் சத்தியம் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

புத்தகத்தில் இன்று ஒன்று படித்தேன், அதிலிருந்து நினைவு நகரவில்லை. புண் நிறைந்து மேலே வந்ததும் ஓரத்துத் தோல் செல்கள் இடம்விட்டு நகர ஆரம்பிக்கின்றன. நாலா பக்கமிருந்தும் நடுவை நோக்கி ஊர்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஊர்ந்து வருகிற செல் மேல் படுகிற வரைக்கும் ஊர்கின்றன. தொட்டுக்கொண்டதும் நின்றுவிடுகின்றன.

ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுமா என்று அதில் போடவில்லை.

சித்திரை 7, வெள்ளி

அம்மன் கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்தாயிற்று. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. பூசாரி, "என்ன காரியமுங்க?" என்று கேட்டார். மனசுக்குள் சொல்லிவிட்டேன் என்றேன். பூசாரியின் பேத்தி, மூன்று வயதுக் குழந்தை, ஓடி வந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

சிவப்பு.

சாமி சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்து கட்டை மாற்றினேன். ஓரத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் புதுத் தோல் நூல் மாதிரி தெரிகிறது. அரை டம்ளர் மோர் கொடுத்தேன்.

சித்திரை 8, சனி

பக்கத்து வீட்டு மாராக்காள் வந்தாள். வந்தவள் திரைக்கு அப்பால் அவர் படுத்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"ஏனக்கா, சென்னியப்பண்ணன் காலுக்குப் பூக் கேட்டீங்களாமா? செவப்பு வந்துருச்சாமா?"

"காலுக்கில்ல மாராக்கா" என்றேன்.

"பின்ன எதுக்குங்?"

அதற்கு நான் என்ன சொல்ல? புளி இருக்கிறதா என்று கேட்டு அனுப்பினேன். இல்லை என்றாள். எங்கள் வீட்டில் இரண்டு கிலோ இருக்கிறது.

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

சித்திரை 10, திங்கள்

காலையில் கட்டில் காலியாக இருந்தது. செருப்பும் இல்லை, தடியும் இல்லை. களத்துக்குப் போய்விட்டார். நடந்தே.

ஓட்டமாகப் போனேன். கொப்பரை நடுவில் நின்று, கட்டுப் போட்ட காலோடு, ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். கட்டின் அடி ஈரமாகிச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற வண்டி மாட்டிடம் சொன்னார்.

"போற காலுன்னு சாமியே சொல்லிப்போட்டுது. ஊட்டுல வெச்சுப் பூசை பண்ணி என்ன ஆவுது? இருக்கறவரைக்கும் நடந்துக்கறேன்."

என் வாய் திறந்துவிட்டது. சத்தம் வருவதற்குள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கொப்பரை வாருகிற பெண்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தோம். ஜெசிந்தா கட்டைப் பிரித்துப் பார்த்தார். நூல் மாதிரி வந்திருந்த தோல் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. "இன்னொரு தரம் இப்படி நடந்தாருன்னா, டாக்டர் சொன்னதுதான் நடக்கும்" என்றார்.

சித்திரை 11, செவ்வாய்

காலையில் குளித்து ஈரப் புடவையோடு பூஜை அலமாரி முன்னால் நின்றேன். அவர் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஊரே கேட்கட்டும் என்று சொன்னேன்.

"முருகா, நான் காலுக்குப் பூக் கேக்கல. கால் நல்லாத்தான் ஆகிட்டிருந்துது. நான் கேட்டது வேற. இந்த மனுசனோட பேசறதுக்கு உத்தரவு கேட்டேன். அம்மன் இல்லைன்னு சொல்லிப்போட்டா. நான் பேசக்கூடாது. என் சத்தியம் எனக்குத்தான். அவியகிட்ட யாரும் சத்தியம் வாங்கல. அவியளும் வாயைத் தொறக்க வேண்டாம்னு இருந்தா, காலை மட்டுமாச்சும் ஊனாம வெச்சிருக்கச் சொல்லு."

விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்பினேன். அவர் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

பூனையிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை 12, புதன்

காலை ஊன்றவில்லை.

சித்திரை 15, சனி

ஊன்றவில்லை. கழிப்பறைக்குக்கூட வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தாவித்தான் போகிறார். பூனையோடும் பேசுவதில்லை. வீடு கொள்ளாத அமைதி. மிக்சி ஓடினால் தேவலை என்று சட்னிக்கு இரண்டு தரம் அரைத்தேன்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவருக்கென்று இருந்த ஒரு பூனையையும் பறித்துவிட்டேனோ.

சித்திரை 19, புதன்

வெறும் வயிற்றில் 128. ஓரம் மறுபடியும் நகர ஆரம்பித்திருக்கிறது. கிழிந்த பக்கத்திலும்.

அவற்றுக்கு ரோசம் கிடையாது போல. கிழித்தாலும் மறுநாளே கிளம்பிவிடுகின்றன.

சித்திரை 26, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, கால் தப்பித்தது. நடுவில் ஒரு வெந்தயம் அளவுதான் மூட வேண்டும். பழனிக்கு முடிந்து வைத்த காணிக்கையை எண்ணாமல் அப்படியே உண்டியலில் போட வேண்டும்.

மறுபடியும் கண்ணை மூடச் சொல்லி இழையால் தொட்டார். முழங்காலில் "ம்". கணுக்காலுக்கு மேலே "ம்". பாதத்தில் எந்த இடத்திலும் சத்தம் இல்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இழை நன்றாக வளைந்தது.

"புண்ணு ஆறீரும். ஆனா உணர்ச்சி திரும்பி வர்றது கஷ்டமுங்க" என்றார் டாக்டர். "இனி காலுக்கு வலி தெரியாது. அதனால கண்ணுதான் பார்த்துக்கோணும்." சொல்லும்போது என்னைப் பார்த்தார். பழைய ஞாபகத்தில் உடனே அவரையும் ஒரு தரம் பார்த்துச் சொன்னார். போஸ்ட்மேன்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். பூனைக்குட்டிகளில் ஒன்றை மாராக்காள் கேட்டாள், கொடுத்தாயிற்று. புளி கேட்டதற்குப் பதில் மரியாதை.

சாயங்காலம் கட்டு மாற்ற உட்கார்ந்தேன். தட்டில் காஸ் துணி, உப்புத் தண்ணீர், கையுறை, திருநீறு, எல்லாம் வரிசையாக. அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். எப்போதும் கூரையைப் பார்க்கிறவர் இன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்துகொண்டேன்.

"மெதுவாப் பிரி அம்மிணி" என்றார். "வலிக்குது."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. கத்தரிக்கோலை அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்திருந்தேன், கட்டின் மேல் கையே வைக்கவில்லை.

இருந்தாலும் மெதுவாகவே பிரித்தேன்.